நேர்வாய்ப் பேனாக்கத்தி

இறகைச் சீவிப் பேனா செய்த காலத்தின் மிச்சம்தான் 'பேனாக்கத்தி' என்ற பெயர். அந்த மடக்குக் கத்திகளில் சிலவற்றுக்கு வாய் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல் நேராக இருக்கும். முதுகுதான் முனையை நோக்கி இறங்கும். முனையருகே சட்டென வளைந்து இறங்கினால், ஆட்டுக் குளம்பை நினைவூட்டும் 'ஷீப்ஸ்ஃபுட்'. மெல்லச் சரிந்து கூரானால், ஓர் ஆங்கிலப் பிரபுவின் பெயர் கொண்ட 'வார்ன்கிளிஃப்'. ஆடும் கப்பலில் கயிறு அறுக்கையில் யாரையும் குத்திவிடக் கூடாதே என்று மாலுமிகள் முன்னதை விரும்பினார்கள்.

வளைந்த வாய் முனைப்பக்கம் மேலேறுவதால், இழுத்து வெட்டும்போது அழுத்தம் குறைகிறது. நேர்வாயில் முனைவரை அழுத்தம் இறங்கும். தேவராஜா மார்க்கெட் மூட்டையின் சணலானாலும் அட்டைப்பெட்டியானாலும் ஒரே இழுப்புத்தான். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கேபிள் உறையைக் கீற எங்களுக்குக் கைகொடுத்ததும் இதுவே. தட்டையான சாணைக்கல்லில் தீட்டுவதும் சுலபம். ஆனால் வெண்ணெய் தடவ வளைந்த வாய்தான் வசதி.

பேரனுக்கு முதல் கத்தி வாங்கும் தாத்தாக்கள் ஷீப்ஸ்ஃபுட்டையே பார்க்கலாம். பூட்டில்லாத கத்தியால் குத்தினால் அது மடங்கி விரலைப் பதம் பார்க்கும். வாயை அழுத்தி இழுத்தாலோ அந்த விசையே கத்தியை விரித்தபடி நிறுத்தும். இந்த ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கத்தியைக் கொடுங்கள்.