ஜெபப் புத்தகம் சொல்லும் விசுவாசம்

ஆங்கிலிக்கன் திருச்சபை இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் திருமண வழக்கில் பிறந்தது என்பது பாதி உண்மைதான். 1534இல் அவர் மறுத்தது போப்பின் அதிகாரத்தை. வழிபாடு பெரும்பாலும் லத்தீனிலேயே தொடர்ந்தது. அவர் இறந்தபின், பேராயர் தாமஸ் கிரான்மர் 1549இல் ஆங்கிலத்தில் உருவாக்கிய பொது ஜெபப் புத்தகமே ஆலயத்துக்குள் மாற்றத்தைக் கொண்டுவந்தது. நற்கருணை அப்பத்தைக் கொடுக்கும்போது குருவானவர் சொல்லும் வாசகத்தைப் பாருங்கள். 1549இல் அது கிறிஸ்துவின் சரீரம் என்றே சொல்லப்பட்டது. 1552 திருத்தத்தில் அந்தச் சொல் போய்விட்டது. கிறிஸ்துவின் மரணத்தை நினைவுகூர்ந்து புசிக்கும் அழைப்பு மட்டுமே மிஞ்சியது. முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில், 1559இல், இரண்டு வாசகங்களையும் அடுத்தடுத்து வைத்துச் சேர்த்துவிட்டார்கள்! 1662 பதிப்பிலும் அந்த இணைப்பு நீடிக்கிறது.

இதைக் கொள்கையற்ற சமரசம் என்பவர்கள் உண்டு. அரசியல் கணக்கு இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆனாலும் எல்லை வகுக்காமல் விடவில்லை. 1571இல் இறுதி வடிவம் பெற்ற, திருச்சபையின் 39 விதிகள், அப்பமும் இரசமும் தம் இயல்பிலேயே மாறிவிடுகின்றன என்ற கோட்பாட்டை நேரடியாக நிராகரிக்கின்றன. இரட்சிப்புக்கு வேண்டிய அனைத்தும் வேதத்தில் உண்டு என்கின்றன. அந்த விதிகளை ஏற்றுக் கையொப்பமிட வேண்டியிருந்தது குருமார்தான். சாதாரண சபையார் தங்கள் விசுவாசத்தைக் கற்றது ஞாயிறுதோறும் முழங்காலிட்டுச் சொன்ன ஜெபங்களிலிருந்து.