ஒரே பில்லிங் வேலை... ஊருக்கு ஊர் சம்பளம் மாறுவது ஏன்?

அமெரிக்க மருத்துவமனைகளுக்கான மெடிக்கல் பில்லிங் வேலைக்குச் சென்னையில் ஒரு சம்பளம், திருச்சியில் ஒரு சம்பளம். சென்னையில் நிறுவனங்கள் அதிகம். அனுபவசாலிகளை இழுக்கப் போட்டியும் அதிகம்.

அனுபவம் என்றால் வருஷக் கணக்கு மட்டுமல்ல. இன்சூரன்ஸ் கம்பெனி நிராகரித்த கிளெய்மை, இரவு ஷிப்டில் பேசிப் பேசியே பணமாக்கும் ஏஆர் காலருக்குத் தனி மவுசு. கோடிங் பக்கம் போனால் சிபிசி சான்றிதழ் கைகொடுக்கும்.

ஆஃபர் லெட்டரில் சிடிசியை மட்டும் பார்த்து மயங்காதீங்க. ஆண்டுக்கு 3 லட்சம் என்றால் மாதம் 25,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 12,500 எனில், இரு தரப்பு பிஎஃப் 3,000, கிராஜுவிட்டி சுமார் 600 போக, கைக்கு வருவது 21,400தான். அதில் ஹாஸ்டல் வாடகை, சாப்பாட்டுச் செலவைக் கழிச்சுப் பாருங்க. வீட்டிலிருந்தே போய்வரும் 18,000 ரூபாய் வேலை சென்னையை ஜெயிச்சிடலாம்!