'இட்' என்றால் எது?

வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு ராத்திரி, வெளிநாட்டு டீமுக்கு ஒரு மெயில் தட்டினேன். "தி நியூ சர்வர் ஈஸ் வெயிட்டிங் ஃபார் தி ஓல்டு சர்வர். ப்ளீஸ் ரீஸ்டார்ட் இட்." நான் மனசில் வைத்தது பழைய சர்வரை. அங்கிருந்தவர் ரீஸ்டார்ட் செய்தது புதியதை. அதில் ஓடிக்கொண்டிருந்த மூன்று மணி நேர வேலை போச்சு. அவரைக் குறை சொல்ல முடியாது. 'இட்' எது என்று நான் சொல்லவே இல்லையே!

அப்புறம் என் பழைய மெயில்களை எடுத்துப் பார்த்தேன். பல தப்புகளுக்கு வேர் தமிழில் இருக்கிறது. தமிழ் தரும் வசதி ஆங்கிலத்திலும் இருக்கும் என்று நம்பி எழுதிவிடுகிறோம்.

முதலில் 'தன்'. "முருகன் கண்ணனிடம் தன் வண்டி ரிப்பேர் என்றான்." வண்டி முருகனுடையது, சந்தேகமே இல்லை. ஆங்கிலத்தில் 'ஹிஸ் பைக்' என்றால் யார் வண்டியாகவும் இருக்கலாம். "முருகன்ஸ் பைக் ஹேட் புரோக்கன் டவுன், அண்ட் ஹி டோல்டு கண்ணன் அபவுட் இட்" என்று மாற்றினால் குழப்பம் தீரும்.

அடுத்து நாம், நாங்கள். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே 'வீ'தான். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இந்த வேறுபாட்டைத் தனியாகப் பேசுகிறார். "வீ வில் டெஸ்ட் இட்" என்று கஸ்டமருக்கு எழுதினால், அவரும் டெஸ்ட் பண்ண வேண்டுமா? "அவர் டீம் வில் டெஸ்ட் இட்" என்றால் தெளிவு.

மூன்றாவது 'என்று'. "நாளைக்கு நான் வர்றேன்னு சொன்னான்." தமிழில் அவன் பேச்சு அப்படியே உள்ளே உட்கார்ந்துகொள்ளும். அதையே "ஹி டோல்டு தட் ஐ வில் கம் டுமாரோ" என்றால், வரப்போவது நான் என்று ஆகிவிடும். "ஹி செட் தட் ஹி வுட் கம் தி நெக்ஸ்ட் டே." 'ஐ' 'ஹி' ஆகிறது, 'வில்' 'வுட்' ஆகிறது, 'டுமாரோ'வும் மாறுகிறது.

இனி காலம். "பத்து வருஷமா முத்தையாபுரத்துலதான் இருக்கேன்" என்பதை "ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்" என்கிறோம். "ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்" என்பதே சரி. "நேத்து போயிருந்தேன்" என்பதற்கு 'ஹேட் கான்' வேண்டாம், 'வென்ட்' போதும். நடந்து முடிந்த இரண்டு விஷயங்களில் எது முந்தியது என்று காட்டத்தான் 'ஹேட்'. "வென் ஐ ரீச்டு தி ஸ்டேஷன், தி முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஹேட் லெஃப்ட்." ரயில் முதலில் போனது, நான் பிறகு வந்தேன். 'ஹேட்' இல்லாமல் 'லெஃப்ட்' மட்டும் என்றால், நான் வந்ததும் ரயில் கிளம்பியது என்று ஆகும்.

இப்போது மெயில் அனுப்பும் முன் ஒவ்வொரு இட், ஹி, தே, வீ மேலும் விரலை வைத்து "யாரு? எது?" என்று கேட்கிறேன். இரண்டு பதில் வந்தால் பெயரையே திரும்ப எழுதிவிடுகிறேன். ஒரே சொல் திரும்ப வந்தால் அழகு கெடும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். கெட்டால் கெடட்டும். "ப்ளீஸ் ரீஸ்டார்ட் தி ஓல்டு சர்வர்" என்று எழுதியிருந்தால் அந்த ராத்திரி நான் தூங்கியிருப்பேன்.