பவளத் தொட்டிக்கு எந்தக் கல்லு?

ரெண்டாவது வருஷம் ராமேஸ்வரம் டூர். கடற்கரையில வெள்ளையா, ஓட்டை ஓட்டையா பவளக்கல் கிடந்துச்சு. வீட்டு உப்புத்தண்ணி தொட்டிக்கு இதைவிட நல்ல கல்லு கிடைக்காதுன்னு பையில போட்டுட்டேன். ஆட்டோ அண்ணன் பார்த்துட்டார். "தம்பி, எடுத்த இடத்துலயே போட்டுட்டு வாப்பா. மாட்டினா கேஸு." செத்த கல்லுக்கு என்ன கேஸுன்னு சிரிச்சுக்கிட்டேதான் திரும்பப் போட்டேன். அப்புறம் தேடிப் படிச்சப்போ சிரிப்பு நின்னுடுச்சு.

1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001-ல் கல் பவளங்கள் எல்லாமே சேர்க்கப்பட்டன. புலி இருக்கிற அதே அட்டவணை! உயிரோட இருந்தாலும் சரி, வெறும் எலும்புக்கூடா இருந்தாலும் சரி, எடுக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வருஷக்கணக்கா வெட்டி எடுத்திருக்காங்க. அது தெரிஞ்சா இவ்வளவு கெடுபிடி ஏன்னு புரியும். அதனால வீட்டுத் தொட்டின்னா கல் பவளத்தை மறந்துடுங்க. மென்பவளம் வாங்குறதா இருந்தாலும் வனத்துறையில ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

சரி, கல்லுக்கு வருவோம். தொட்டியில கல்லு வெறும் அழகுக்கு இல்ல, அதுதான் ஃபில்டர். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை, கல்லு மேல வாழும் பாக்டீரியா முதல்ல நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாத்தும். ஆக்ஸிஜன் குறைவான உள் துளைகளில் இருக்கும் வேற பாக்டீரியா, நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேத்தும். ஆக, துளைதான் முக்கியம். ஒரே சைஸ்ல ரெண்டு கல்லு இருந்தா எடை குறைஞ்சதை எடுங்க. கிரானைட், கூழாங்கல்லுல துளையே இல்ல.

கடைகளில் மூணு வகை சொல்வாங்க:

லைவ் ராக்: கடல்ல இருந்து ஈரத்தோட எடுத்தது. பாக்டீரியா கூடவே வரும். ஆனா ஐப்டேசியா மாதிரி கொட்டுற களைகளும் சேர்ந்து வரும். எங்கிருந்து எடுத்தாங்கங்கிற கேள்வியும் இருக்கு.

டிரை ராக்: காய்ஞ்ச கல். பூச்சித் தொல்லை இல்ல. சிலது பாஸ்பேட்டைக் கசியவிட்டுப் பாசியை வளர்க்கும். முதல்ல தனி வாளியில உப்புத்தண்ணியில ஊறப்போட்டு டெஸ்ட் பண்ணுங்க.

செராமிக் கல்: செயற்கை, நிறைய துளை. என் ஓட்டு இதுக்குத்தான். சிமென்ட்ல செஞ்ச கல்லுன்னா பிஹெச் எகிறும். வாரக்கணக்கா நல்ல தண்ணியில ஊறவைக்கணும்.

டிரை, செராமிக் ரெண்டுலயும் பாக்டீரியா குடியேற சுமார் 4 முதல் 6 வாரம் ஆகும். அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம் காட்டுற வரைக்கும் எந்த உயிரையும் விடாதீங்க. பொறுமை இல்லாம மூணாம் நாளே மீன் விட்டவன் நான். ரெண்டும் போச்சு.

அடுக்கும்போது கல்லை நேரா கண்ணாடித் தரையில வெச்சு, அதுக்கப்புறம் மணல் போடுங்க. மணல் மேல வெச்சா, மீன் தோண்டித் தோண்டி ஒருநாள் மொத்தமா சரிஞ்சுடும். சுவர் மாதிரி அடைக்காம, தண்ணி புகுந்து போக இடைவெளி விடுங்க.

கடைசியா ஒண்ணு, உயிர் விஷயம். பழைய கல்லைச் சுத்தம் பண்றேன்னு கொதிக்க வைக்காதீங்க. அதுல சோவாந்தித் வகை ஒட்டியிருந்தா, பாலிடாக்ஸின்ங்கிற கடும் விஷம் ஆவியோட கிளம்பலாம். வீட்டுல எல்லாருமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வரும்.

இப்போ என் செராமிக் கல்லு மேல ஊதா நிறப் பாசி படர ஆரம்பிச்சிருக்கு. ராமேஸ்வரத்துக் கல்லு ராமேஸ்வரத்துலயே இருக்கு. ஆட்டோ அண்ணனுக்கு ஒரு தேங்க்ஸ்!