படி கொடுக்கும் வேளை

"விழித்திருங்கள்" என்ற பிரசங்கத்தைக் கேட்டவுடன் நம்மில் பலர் வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். எங்கே போர் மூண்டது, எங்கே பூமி அதிர்ந்தது என்று கணக்குப் போடுகிறோம். அன்பர்களே, லூக்கா சுவிசேஷம் 12ஆம் அதிகாரத்தைச் சற்றுப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். இந்த உவமை எங்களுக்கா, எல்லாருக்குமா என்று பேதுரு கேட்கிறார். இயேசுவோ ஒரு விசாரணைக்காரனைக் காட்டுகிறார். அவனுக்கு இட்ட வேலை என்ன? வீட்டு வேலைக்காரர்களுக்கு வேளை தவறாமல் படி கொடுப்பது. அவ்வளவுதான்!

படி என்றால் என்னவென்று தோட்டத்து மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எஜமான் வரத் தாமதமாகும் என்று எண்ணி ஆட்களை அடித்து, தானே தின்று குடித்து வெறிக்கும் ஊழியனும் அதே உவமையில் வருகிறான். அந்த மாதிரிக் கங்காணிகளைப் பற்றி நம் பெரியவர்கள் கதை கதையாய்ச் சொல்வார்களே!

இந்தப் படிக் கணக்கை நன்கு புரிந்துகொண்ட தமிழர் ஒருவர் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பாராமல் தாங்களே ஊழியம் நடத்துவதைக் கண்டார். மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. 1912இல் அவர் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவரே. அது தெலுங்கு நாடு. சபையாரில் பெரும்பாலோர் தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்ட வயல் கூலிகள். அவர்களிடம் போய்க் காணிக்கை கேட்கலாமா? கேட்டார். உலையில் அரிசி போடுமுன் பெண்கள் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைத்தார்கள். அது ஆலயத்திற்கு வந்தது. மிசோரம் மலைநாட்டிலும் 1910 முதல் இதே வழக்கம் உண்டு.

ஒரு கைப்பிடி அரிசி பெரிய காரியமா என்று கேட்கலாம். ஆண்டுக்கொரு முறை பெரிய நோட்டை உறையில் போடுவது எளிது. தினமும் அடுப்படியில், பிள்ளைகள் பசியோடு நிற்கும்போது, மறவாமல் எடுத்து வைப்பதுதான் கடினம். விழிப்பு என்று நான் சொல்வது அதைத்தான்.

அதே யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர்கள் பிரிக்பீல்ட்ஸில் குடியேறினார்கள். அங்குள்ள சீயோன் லுத்தரன் ஆலயம் 1924இல் எழுந்தது. கிள்ளான் பக்கத்துத் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போனவர்களுக்குப் படி அளக்க மேலே எவரும் இல்லை. சம்பளம் நேரே கைக்கு வருகிறது. அந்த வீட்டுக்கு விசாரணைக்காரன் தகப்பன்தான். பல வீடுகளில் தாய். அரிசி, பள்ளிக் கட்டணம், பஸ் காசு, பிறகு காணிக்கை. இந்த வரிசையில் மலிவு மது எந்த இடத்தில் நுழைகிறது என்று மாதக் கடைசியில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தவர் எத்தனை பேர்?

காலையில் பள்ளி மணி அடித்து அரைமணி நேரத்துக்குள், எந்தப் பிள்ளை வெறும் வயிற்றோடு வந்திருக்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். சம்பளம் போட்ட வாரத்திலும் அப்படி வருகிற பிள்ளைகள் உண்டு. அவர்களுடைய தகப்பன்மாரில் சிலர் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் அமர்ந்து, கடைசி நாட்களைப் பற்றி நன்றாகவே பேசுகிறார்கள்.