பல் போன இடத்தில் எலும்பும் போகும்

'பல் போனால் சொல் போகும்' என்பார்கள். கூடவே எலும்பும் போகும் என்பதை நம்மில் பலர் காலங்கடந்தே அறிகிறோம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பல் மருத்துவமனைப் பெயர்ப் பலகைகளில் 'இம்ப்ளாண்ட்' என்ற சொல் இன்று சாதாரணமாகிவிட்டது. மேல்தாடைக் கடைவாய்ப்பல்லை இழந்து பல ஆண்டுகள் கழித்து அங்குச் செல்வோரில் சிலரிடம், முதலில் 'சைனஸ் லிஃப்ட்' செய்ய வேண்டும் என்கிறார்கள். பல்லுக்கும் சைனஸுக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. நான் மருத்துவன் அல்லன், பொருளியல் கற்பித்தவன். ஆனாலும் இதில் பொருளியலும் இருக்கிறது.

மேல் கடைவாய்ப்பற்களின் வேர்களுக்குச் சற்று மேலே, மூக்கோடு இணைந்த காற்றறை ஒன்று உண்டு. அதுவே சைனஸ். பல் அகன்றதும் மெல்லும் விசை நின்றுபோகிறது. எலும்பு கீழிருந்து தேய, காற்றறை மேலிருந்து இறங்கி விரிகிறது. சிலருக்கு நான்கைந்து மில்லிமீட்டர் எலும்பே எஞ்சும். பல்வேருக்குப் பதிலாகப் பதிக்கும் டைட்டானியம் திருகோ பெரும்பாலும் 8 மி.மீ.க்கு மேல் நீளமுடையது. மெல்லிய பலகையில் நீண்ட ஆணி நிற்குமா?

எனவே ஈற்றைத் திறந்து, பக்கவாட்டு எலும்பில் சிறு சாளரம் அமைத்து, காற்றறையின் உட்சவ்வைக் கிழியாமல் மெல்ல உயர்த்தி, அடியில் எலும்புத்துகளை நிரப்புகிறார்கள். அது இறுகப் பல மாதங்கள் ஆகும். அமெரிக்கப் பல் மருத்துவர் ஹில்ட் டேட்டம் 1970-களில் உருவாக்கிய இம்முறையைப் பாய்ன், ஜேம்ஸ் இருவரும் 1980-இல் ஆய்விதழில் வெளியிட்டனர். எலும்பு ஓரளவு எஞ்சியிருந்தால், திருகு பதிக்கும் துளை வழியாகவே சவ்வை உயர்த்தும் எளிய முறை 1994-இல் வந்தது. சவ்வு கிழிவதே இதில் அதிகம் நேரும் சிக்கல்.

வேர் சிகிச்சைக்குச் செலவாகும் என்று பல்லைப் பிடுங்கிக்கொண்டு, 'மணிலா விற்றதும் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஆண்டுகளைக் கடத்துவது நம் பகுதிக்குப் புதிதல்ல. அன்று மிச்சமான பணத்தை எலும்பு வட்டியோடு திரும்பக் கேட்கிறது. மருத்துவக் காப்பீடும் பொதுவாக இதற்குக் கைகொடுப்பதில்லை.

மருத்துவச் சந்தையில் தனக்கு எது தேவை என்பதை வாங்குபவரால் மதிப்பிட முடியாது. அறிவுரை சொல்பவரையே அவர் நம்ப வேண்டியிருக்கிறது. பொருளியலறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் ஆராய்ந்த சிக்கல் இது. அறிவுரை சொல்பவரே சிகிச்சையை விற்பவராகவும் இருக்கையில் கேள்வி கேட்பதுதான் நோயாளிக்குள்ள பாதுகாப்பு. முப்பரிமாண ஸ்கேனில் எஞ்சிய எலும்பு எத்தனை மில்லிமீட்டர்? குட்டையான திருகு போதாதா? எலும்பு 4 முதல் 9 மி.மீ. வரை எஞ்சியவர்களிடம் குட்டைத் திருகையும் சைனஸ் லிஃப்டையும் ஒப்பிட்ட 2014-ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, முதலாண்டு வெற்றியில் எது மேல் என்று சொல்லச் சான்று போதாது என்றது. சிக்கல்கள் சைனஸ் லிஃப்டில்தான் அதிகம் என்றும் கண்டது. பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பிரிட்ஜ், கழற்றி மாட்டும் பல்செட் ஆகியவையும் சிலருக்குப் போதும்.

நிரப்பும் துகள் எதிலிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். பெரிதும் பயன்படும் ஒருவகை, பதப்படுத்திய மாட்டெலும்பு. அதை விரும்பாதவர்களுக்குச் செயற்கைத் துகளும் உண்டு. புகைப்பழக்கமும் கட்டுப்படாத சர்க்கரையும் இருந்தால் மருத்துவர் கேட்குமுன் நாமே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது கருத்துக்குச் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இவ்விரு ஊர்களுக்கும் அதைவிடப் பக்கம் புதுச்சேரியின் மகாத்மா காந்தி பல் மருத்துவப் பட்டமேற்படிப்பு நிறுவனம். ஸ்கேன் பதிவைக் கேட்டு வாங்கிக் கையோடு எடுத்துச் சென்றால், மறுபடி எடுக்கும் செலவு மிச்சமாகலாம்.