ஓ.கே. பட்டன் எந்தப் பக்கம்?

ராப்பகலா கண் முழிச்சு ப்ராஜெக்ட் முடிச்சாச்சு. உங்க லினக்ஸ் லேப்டாப்பில் ஜம்முனு ஓடுது. டெமோ அன்னிக்கு லேப்ல இருக்கிற விண்டோஸ் மெஷின்ல போட்டா... கப்சிப்! கணக்குப் போடற பகுதி பெரும்பாலும் சமத்தா கூடவே வந்துடும். அடம்பிடிக்கிறது ஜன்னல், மெனு, பட்டன் கோஷ்டிதான்.

பெர்க்லியில் ரெண்டு ஸ்டூடன்ட்ஸுக்கும் இந்தத் தலைவலி இருந்தது. ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் இருவரும் 1995-ல் ஆரம்பித்த பட எடிட்டர்தான் 'கிம்ப்'. முதலில் 'மோட்டிஃப்' என்ற டூல்கிட்டை வைத்துத்தான் பட்டன்களைக் கட்டினார்கள். அது அப்போது காசு கொடுத்து வாங்கவேண்டிய சரக்கு. லினக்ஸ் பசங்க எங்கே போவாங்க? கடுப்பான மேட்டிஸ், சொந்தமாகவே ஒரு டூல்கிட் எழுதிட்டார். அதுதான் ஜி.டி.கே! பிற்பாடு க்னோம் டெஸ்க்டாப்பையே தூக்கிச் சுமந்தது.

அடுத்து விண்டோஸ். தொண்ணூறுகளின் கடைசியில் இதில் கைவைத்தவர் பின்லாந்துக்காரர் டோர் லில்க்விஸ்ட். லினக்ஸில் அப்போது திரையைக் கவனித்தது எக்ஸ் விண்டோ. அதில் மெல்லிசா ஒரு கோடு போடச் சொன்னா, வழக்கமா கடைசிப் புள்ளியும் சேர்ந்து விழும். விண்டோஸின் 'லைன் டு' அந்தப் புள்ளியை விட்டுடும். ஒரு பிக்சல்தானேன்னு அலட்சியமா இருந்தா, கோடு பார்டரைத் தொடாம அந்தரத்தில் நிற்கும்!

மேக் கதை இன்னும் கூத்து. மத்தவங்க மேலிருந்து கீழே அளந்தா, இவர் வழக்கமா கீழிருந்து மேலே அளப்பார். கவனிக்கலைன்னா படம் சிரசாசனம்தான். எக்ஸ்11-ஐத் துணைக்கு வைத்துத்தான் கிம்ப் அங்கே பல வருஷம் ஓடியது. அந்தத் துணை வேண்டாம்னு ஆனது 2012-ல்.

சரி, ஓடிடுச்சு... ஒட்டுச்சா? விண்டோஸில் ஓ.கே. முதலில், கேன்சல் அப்புறம். மேக்கில் அப்படியே உல்டா. பழக்கதோஷத்தில் கை தப்பா போனா, வேலை எல்லாம் போச்சு. இதைப் பிழைன்னு எந்தக் கம்பைலரும் சொல்லாது. நம்மைக் கேட்டா, போர்ட்டிங்கில் நிஜமான வில்லனே இதுதான்.

டூல்கிட் பதிப்பு மாறினாலும் இதே பாடுதான். ஜி.டி.கே. 3 வந்தது 2011-ல். யாருக்காக ஜி.டி.கே. பிறந்ததோ, அந்த கிம்ப் அதுக்கு மாறி முடிக்க 2025 மார்ச் ஆயிடுச்சு!

உங்க ப்ராஜெக்ட்டைத் திறங்க. மார்க் கூட்டுற கணக்கை பட்டனோட க்ளிக் ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதி வச்சிருக்கீங்களா? டெமோவுக்கு முன்னாடி தனி ஃபைலுக்கு மாத்திடுங்க பாஸ்.